கிருபாவதி இழுத்த கால்

கிருபாவதி ஆர்.எஸ்.புரத்தில் ஓர் எலும்பு டாக்டரின் கிளினிக்கில் ஆயா. கூட்டித் துடைப்பதோடு அவள் வேலை முடிந்துவிடாது. மாவுக்கட்டுப் போடும்போது காலைத் தூக்கிப் பிடிப்பவள் அவள். மடங்காத முட்டியை மெல்ல மெல்ல மடக்கிவிடுபவளும் அவள்தான். "கிருபா பிடிச்சா நோயாளி கத்தமாட்டான்" என்று டாக்டர் சுந்தரராஜுலு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார். அதைக் கேட்டால் அவளுக்கு அன்றைக்கெல்லாம் வேலை அலுக்காது.

அவள் புருஷன் ஏசுவடியான் துடியலூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் பதிலி. விடிந்ததும் கேட்டில் போய் நிற்க வேண்டும். யாராவது வராமல் போய், மேஸ்திரி பேரைக் கூப்பிட்டால் உள்ளே போகலாம். கூப்பிடாவிட்டால் வந்த வழியே வீடு. ஆனால் மற்ற பதிலிகளிடம் இல்லாத ஒன்று அவனிடம் இருந்தது. நானூறு மீட்டர் ஓட்டத்தில் அந்த மில்லில் அவனை முந்த ஆளில்லை. மில்களுக்கிடையே நடக்கும் போட்டியில் ஜெயித்தால் பர்மனென்ட் ஆக்கிவிடுவதாக, விளையாட்டைக் கவனித்துக்கொண்டிருந்த சென்னகிருஷ்ணன் மேஸ்திரி வாக்குக் கொடுத்திருந்தார்.

தொண்ணூற்று மூன்றாம் வருஷம் போட்டிக்குப் பதினாலு நாள் இருக்கும்போது அது நடந்தது. மில் மைதானத்தில் கடைசி வளைவைத் திரும்புகையில் பின்தொடையில் யாரோ கல்லால் அடித்த மாதிரி இருந்ததாம். அடித்தது யாரென்று திரும்பிப் பார்த்திருக்கிறான். ஒருவரும் இல்லை. அடுத்த எட்டு வைக்க முடியவில்லை.

மறுநாளே கிருபாவதி அவனை டாக்டரிடம் கூட்டிப் போனாள். டாக்டர் தொடையை அழுத்திப் பார்த்துவிட்டு, "தசை கொஞ்சம் கிழிஞ்சிருக்குது. மூணு வாரம் ஓட்டம் கிடையாது. இழுத்து நீட்டற வேலையும் இப்ப வேண்டாம். நைஞ்ச துணியை இழுத்தா என்ன ஆகும், நீயே சொல்லு" என்றார்.

சென்னகிருஷ்ணன் வீட்டுக்கே வந்து வேறு விதமாகச் சொன்னார். "படுத்துட்டா நரம்பு சுருங்கிப் போயிருமப்பா. காத்தாலையும் பொழுதோடவும் நல்லா இழுத்து உடு. வலிக்கத்தான் செய்யும். வலிய பாத்தா ஆகுமா?"

நாலைந்து நாள் ஏசுவடியான் டாக்டர் பேச்சைக் கேட்டான். தொடைக்கடியில் தலையணை வைத்துப் படுத்துக் கிடந்தான். ஆனால் அவன் இடத்தில் அன்புமணி என்ற இன்னொரு பதிலி மைதானத்தில் ஓடிப் பழகுகிறான் என்று தெரிந்த பிறகு படுக்கை கொள்ளவில்லை.

"அம்மணி, நீ கொஞ்சம் இழுத்து உடு. உனக்குத்தான் அந்தப் பக்குவம் தெரியும்."

"ஏனுங்க, டாக்டர் அத்தனை சொன்னாரே. நான் மாட்டேனுங்க."

இரண்டு நாள் அவள் மறுத்துப் பார்த்தாள். மூன்றாம் நாள் காலை, வேலைக்குக் கிளம்பும் முன் சம்மதித்தாள். அவன் கெஞ்சினான் என்பதற்காக மட்டும் அல்ல. அவன் பர்மனென்ட் ஆக வேண்டும் என்ற ஆசை அவளுக்கும் இருந்தது. மூன்று வாரம் எங்கே, போட்டி எங்கே என்று அவளும் மனதுக்குள் கணக்குப் போட்டிருந்தாள். இதை அவள் பின்னால் யாரிடமும் சொன்னதில்லை.

அவன் பாயில் மல்லாந்து படுத்தான். முழுக்கால் பேன்ட் போட்டிருந்தான். குதிகாலைத் தன் தோளில் ஏற்றி, முட்டியை ஒரு கையால் அமுக்கிக்கொண்டு அவள் மெதுவாக முன்னால் சாய்ந்தாள்.

"இன்னும் கொஞ்சம்" என்றான். சாய்ந்தாள். "இன்னும்" என்றான்.

உள்ளங்கைக்குக் கீழே ஏதோ நழுவியது. அவன் கத்தவில்லை. மூச்சு மட்டும் நின்றுபோன மாதிரி ஒரு சத்தம் வந்தது. பதறிப்போய் காலைக் கீழே வைத்து, பேன்ட்டைக் கழற்றிப் பார்த்தாள். பின்தொடை முழுக்கக் கன்றி, முட்டிக்குழி வரை கருநீலமாக இறங்கியிருந்தது. ஓர் இழுப்புக்கு இத்தனையா என்று அவளுக்குக் கை கால் ஓடவில்லை.

போட்டியில் அன்புமணி இரண்டாவதாக வந்தான். அதற்கே அவனைப் பர்மனென்ட் ஆக்கினார்கள். ஏசுவடியான் ஐந்து மாதம் நொண்டினான். திரும்பிப் போனபோது கேட்டில் அவன் பேரை யாரும் கூப்பிடவில்லை. கடைசியில் பம்புசெட் கம்பெனி ஒன்றில் வாட்ச்மேனாகச் சேர்ந்தான். நாள் முழுக்க ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும் வேலை.

அவளை அவன் ஒரு வார்த்தை சொன்னதில்லை. கேட்டவர்களிடமெல்லாம் "எல்லாம் என்ற நேரமுங்க" என்றான். சர்ச்சில் பெண்கள், "உன்ற ஊட்டுக்காரர் மாதிரி பொறுமை ஆருக்கு வரும்?" என்றார்கள். அந்தப் பேச்சு அவளைத் தின்றது. திட்டியிருந்தால்கூட ஆறியிருக்கும். அவன் சும்மா உட்கார்ந்திருந்தாலே தன்னால்தான் என்று நினைத்துக்கொள்வாள். அவனிடம் குரலை உயர்த்துவதை விட்டாள். எதையும் கேட்டு வாங்குவதையும் விட்டாள். கிளினிக்கில் டாக்டரிடம் போய், இனிமேல் நோயாளி காலைத் தொடமாட்டேன், டோக்கன் கொடுக்கிறேன், கூட்டுகிறேன் என்றாள். அவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அவள் கேட்கவில்லை.

மூன்று வருஷம் இப்படிப் போயிற்று. அந்தக் கிளினிக்கில் பிசியோதெரபி பார்க்க இனியா என்று ஒரு சின்னப் பெண் புதிதாகச் சேர்ந்தாள். கிருபாவதி கால் பிடிப்பதை விட்டுவிட்டது டாக்டர் சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்தது. ஒரு மத்தியானம் சாப்பிடும்போது, "ஏனுங்கக்கா, கால் புடிக்கறதுல நீங்க கெட்டிக்காரின்னு டாக்டர் சொல்றாரு. அப்புறம் ஏன் விட்டுட்டீங்க?" என்று கேட்டாள். ஏசுவடியான் காலை இழுத்துவிட்ட கதையை, மற்ற யாரிடமும் சொல்லாததை, கிருபாவதி அவளிடம் சொன்னாள்.

இனியா கையில் எடுத்த சோற்றை அப்படியே வைத்துவிட்டாள். "கன்னுனது எப்பங்க தெரிஞ்சுது?"

"அப்பவே. காலைக் கீழ வெச்சதுமே பாத்தேன். முட்டி வரைக்கும் இருந்துச்சு. முந்தின நாள் காத்தால வரைக்கும் அப்படி ஒண்ணும் இல்ல."

"அது எப்படிங்க? உள்ள ரத்தம் கசிஞ்சு முட்டி வரைக்கும் எறங்க ஒரு ராத்திரியாச்சும் ஆகும். நீங்க இழுக்கறதுக்கு முன்னாலயே பெருசா கிழிஞ்சிருக்குதுங்க்கா. நீங்க இழுத்ததுல அது அதிகமாச்சா இல்லையான்னு இனி ஆராலயும் சொல்ல முடியாது. ஆனா கிழிச்சது நீங்க இல்ல."

அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனபோது ஏசுவடியான் வாசலில் சைக்கிள் டியூபுக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தான். பையைக்கூடக் கீழே வைக்காமல் கேட்டாள்.

"நான் இழுத்ததுக்கு முந்தின நாள் எங்கீங்க போனீங்க?"

அவன் நிமிரவில்லை. டியூபைத் தேய்த்துக்கொண்டே சொன்னான்.

"பொழுதோட கிரவுண்டுக்குப் போனேன். ஆரும் இல்ல. ஒரு சுத்து ஓடிப் பாக்கலாம்னு ஓடிப்போட்டேன். அதே வளைவுல அந்துபோச்சு. செவுத்தப் புடிச்சுட்டுத்தான் ஊட்டுக்கு வந்தேன்."

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"டாக்டர் சொல்லியும் ஓடுனேன்னு சொல்ல பயமா இருந்துச்சு. நீ இழுத்து உட்டா ஒருவேளை சரியாயிரும்னு நெனச்சேன்."

"அதுக்கப்புறம்? மூணு வருசமுங்க."

"நாளாக நாளாகச் சொல்ல வாய் வர்ல." பிறகு தணிந்த குரலில் சொன்னான்: "நீ உன்னாலதான்னு நெனச்சுட்டு இருந்தது எனக்குக் கொஞ்சம் ஆறுதலா இருந்துச்சு, அம்மணி."

அவள் உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தாள். அழுகை வரவில்லை. வரும் என்று உலை கொதிக்கும் வரை காத்திருந்து பார்த்தாள்.

அடுத்த வாரம் அவளே போய், மறுபடியும் கால் பிடிக்கிறேன் என்று டாக்டரிடம் சொன்னாள். அவர் சந்தோஷப்பட்டார். சத்தியமங்கலத்திலிருந்து வந்திருந்த ஒரு லாரி டிரைவரின் முட்டியை மடக்கச் சொன்னார்கள். குதிகாலை எடுத்துத் தோளில் வைத்தாள். அவ்வளவுதான் முடிந்தது. தப்பு தன்னுடையது இல்லை என்பது தலைக்குத் தெரிந்திருந்தது. கைக்குத் தெரியவில்லை. இனியா வந்து அந்தக் காலை வாங்கிக்கொண்டாள்.

கிருபாவதி முன்பக்கம் போய், காத்திருந்தவர்களுக்கு டோக்கன் கொடுக்க ஆரம்பித்தாள்.