உள்ளங்கைச் சீனி

என் மனைவி கமலாசனி சீனியில் பிளாஸ்டிக் செய்யப் புறப்பட்டவள். சொன்னால் சிரிப்பார்கள், நானும் சிரித்தவன்தான். யுத்த காலத்தில் சீனி விற்ற விலைக்கு, "தேத்தண்ணிக்கே இல்லை, நீ வாளி செய்யப்போறியோ?" என்று கேட்பேன். பிளாஸ்டிக்குக்கு எண்ணெயிலிருந்து எடுக்கும் மூலப்பொருளைக் கரும்புச் சீனியிலிருந்தே எடுக்கலாம், சரியான வினையூக்கி மட்டும் அகப்பட வேண்டும் என்பது அவளுடைய பிடிவாதம். யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்கு வந்து, பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் வருடக்கணக்காக அதோடுதான் மல்லுக்கட்டினாள்.

கடைசியில் ஒரு போத்தல் வெள்ளைத் தூள் கிடைத்தது. கொழும்பில் சோதித்துப் பார்க்கக் கொண்டு புறப்பட்டோம். வினையூக்கியாகப் போட்ட உலோக உப்பு அதில் இன்னும் கலந்து கிடந்தது. "வாயில பட்டா நஞ்சு, கவனமப்பா" என்று சொல்லித்தான் பையில் வைத்தாள்.

வழியில் ஒரு பாலத்தடியில் ஆமிக்காரர் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம், பையில் வெள்ளைத் தூள். வேறென்ன வேண்டும்! இரசாயனம் என்று வாய் திறந்தால் தொலைந்தோம். பையைச் சோதித்த ஆமிக்காரன் என்னவென்று கேட்க, "சீனி, மாத்தயா" என்று சிங்களத்தில் சொல்லிவிட்டாள். எனக்கு மூச்சு வந்தது.

அவன் சின்னப் பொடியன். பக்கத்து மணல்மூட்டையில் அவனுடைய சீனி போடாத வெறுந்தேத்தண்ணி. சிரித்துக்கொண்டே போத்தலைத் திறந்து உள்ளங்கையில் கொஞ்சம் கொட்டினான். சீனியை நக்கி நக்கித் தேத்தண்ணி குடிப்பது இங்கே எல்லோரும் செய்வதுதானே. கையை வாய்க்குக் கொண்டுபோனான்.

பேசாமல் நின்றிருந்தால் பஸ் ஏறியிருப்போம். பாவி மனுசி பாய்ந்து அவன் கையில் ஓங்கி அடித்தாள். "சாப்பிடாதே, நஞ்சு!" என்று சிங்களத்தில் கத்தினாள். தூள் பறந்தது. போத்தல் தார் ரோட்டில் விழுந்து நொறுங்கியது.

சீனி என்றவளே நஞ்சு என்கிறாள். ஆமிக்கு நஞ்சு கொடுக்க வந்தவள் என்று அடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். அவனைக் காப்பாற்றியதே குற்றமாகிப் போனது.

அவளுடைய பேராசிரியர் வந்து விளக்கிச் சொல்லி மீட்டெடுக்க ஒரு கிழமை ஆனது. வெளியே வந்தபோது கன்னத்து வீக்கம் வடிந்திருக்கவில்லை. தூளை நினைத்து அழுவாள் என்று நினைத்தேன்.

"அந்தப் பொடியன் கை கழுவினவனோ?" என்று கேட்டாள்.

எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. "கழுவ எங்க நேரம்? அந்தக் கையாலதானே உனக்குக் கன்னத்தில அடிச்சவன்!"

அவள் கன்னத்தைத் தடவிப் பார்த்தாள்.

"அப்ப தூள் துடைபட்டிருக்கும்" என்றாள்.