பேய்க்கு எழுந்து நின்றவர்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பேய்ப்படம் காட்டியபோது எனக்குக் கல்யாணமாகி ஆறேழு மாதம் இருக்கும். நோட்டன் பிரிட்ஜில் தண்ணீரை மறித்துக் கரண்டு எடுத்து, நாங்கள் குடியிருந்த லயத்துக் கூரைகளுக்கு மேலாகவே கம்பியில் கொண்டுபோனார்கள். கீழே எங்களுக்கு மண்ணெண்ணெய் விளக்குத்தான். தேயிலை அரைக்கும் ஸ்டோருக்கு மட்டும் இஞ்சின் வைத்து வெளிச்சம். பொழுது சாய்ந்ததும் ஸ்டோர் சுவரில் வெள்ளைத்துணி கட்டினார்கள். தோட்டத்துத் துரை தன் விருந்தாளிகளுக்காக வரவழைத்த இங்கிலீஷ் படம், எங்களையும் பார்க்கச் சொல்லிவிட்டார். அவர்களுக்கு நாற்காலி, எங்களுக்குத் தரை.

படத்தில் இரண்டு கோமாளிகள், அவர்களைத் துரத்த மூன்று பேய்கள். ஒன்று கோட்டுப் போட்டுக்கொண்டு வந்து ரத்தம் குடித்தது. தினமும் கொழுந்து மலையில் அட்டைக்கு ரத்தம் கொடுப்பவர்கள் நாங்கள், யாரும் அசரவில்லை. இன்னொன்று நிலாவைக் கண்டு ஓநாயாக மாறியதும் பிள்ளைகள் கைதட்டினார்கள்.

மூன்றாவது, பிணங்களைத் தைத்துச் செய்த பேய். நெட்டை, விறைப்பு, வாயைத் திறந்தால் உறுமல். காலில் பெரிய பூட்ஸ். அந்தச் சத்தம் டக், டக் என்று கேட்டதுதான் தாமதம், முன்வரிசையில் இருந்த என் வீட்டுக்காரர் சட்டென்று எழுந்து, தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு குனிந்து நின்றார். அவரைப் பார்த்து வரிசையே எழுந்தது. மலையில் துரையின் பூட்ஸ் சத்தம் கேட்டால் நாங்கள் அப்படித்தான் நிற்போம். பின்னால் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள்.

துரை படத்தை நிறுத்தச் சொன்னார். "இவன் ஏன் எழும்பினது?" என்று கங்காணியைக் கேட்டார்.

தன்னைப் பேய் என்று நக்கலடித்ததாகத் துரை நினைத்தால் பத்துச்சீட்டைக் கொடுத்துத் தோட்டத்தைவிட்டே அனுப்பிவிடுவார். வேலையும் போகும், லயத்துக் காம்பராவும் போகும்.

கங்காணி முந்திக்கொண்டார். "பயந்துட்டானுங்க தொரை. பேயப் பாத்து பயந்துட்டானுங்க."

துரையின் முகம் மலர்ந்தது. பயம் என்றால் அவருக்கு எப்போதும் பிடிக்கும். பிழைத்தோம் என்ற நிம்மதியைவிட எனக்கு ஆத்திரம்தான் அதிகமாக வந்தது.

விருந்தாளிகள் பார்த்திருக்க, சரளைக்கல் நொறுங்க அவர் நடந்து வந்தார். என் வீட்டுக்காரர் இன்னும் கொஞ்சம் குனிந்தார். துரை அவர் தோளில் தட்டினார்.

"பயம் வேணாம். அது படம். நெசத்தில் அந்த மாதிரி ஆள் கெடையாது."

"ஆமாங்க தொரை" என்றார் என் வீட்டுக்காரர், கக்கத்துத் துண்டை எடுக்காமலே.