மை கொட்டிய பக்கத்தில் பன்னிரண்டு பெயர்கள்

எசேக்கியல் மெக்ஃபாய் ஐந்து கவர்னர்களை வழியனுப்பிவிட்டு ஆறாமவரிடம் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். ஃப்ரீடவுன் கவர்னர் மாளிகை வாசலில் வருகைப் புத்தகத்துக்குக் காவல். மன்னர் பிறந்தநாள் தோட்ட விருந்துக்கு அழைப்பு அட்டை வேண்டுமென்றால் அந்தப் புத்தகத்தில் கையெழுத்திட வேண்டும். பேனாவை மையில் தோய்த்து நீட்டுவது அவர் வேலை. இருபத்தாறு வருடத்தில் தம் பெயரை அவர் அதில் எழுதியதில்லை. காவலர் எழுதக்கூடாது என்று சட்டம் ஏதும் இல்லை. எழுதியவர் யாரும் இல்லை, அதுவே சட்டம்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பார். சகலை ஹானிபல் டெக்கரைத்தான் பொறுக்க முடியவில்லை. சுங்க இலாகா குமாஸ்தா. வருடந்தோறும் உயரத் தொப்பியும் மனைவியுமாக விருந்துக்குள் நுழைவார்.

“என்ன சகலை, கால் வலிக்கலையா? உள்ள நாற்காலி நிறையக் கிடக்கு. ஒண்ணு அனுப்பச் சொல்லட்டுமா?”

“வேணாம். உனக்கு ஒண்ணு, உன் தொப்பிக்கு ஒண்ணு. உங்களுக்கே பத்தாது.”

வீட்டில் மனைவி அடிலெய்ட் விடமாட்டார். “என் தங்கச்சி கவர்னர் வீட்டுக் கேக்கு தின்னுட்டு வந்திருக்கா. நீங்க என்ன தின்னீங்க?”

“தூசி.”

ஒரே ஒரு வருடம், சகலையின் கண் முன்னால், விருந்தாளியாக உள்ளே நடக்க வேண்டும். எசேக்கியலுக்கு வேறு ஆசை கிடையாது.

ஆறாம் கவர்னர் சர் ஹம்ஃப்ரி வென்ஸ்லி. இருபத்துமூன்று வயதில் நைஜீரியக் காட்டுக்கு ஒரு கிராமபோனோடு வந்தவர். பிறகு பசிபிக்கில் ஒரு தீவு, மேற்கிந்தியக் கடலில் ஒரு தீவு. பதவி உயர உயர ஊர் சுருங்கிக்கொண்டே போனது. அன்று அதே கப்பலில் வந்திறங்கிய ஸ்டோக்டனுக்கோ இப்போது ஒரு பெரிய நாடே கிடைத்திருந்தது. அந்த நாட்டுக்குப் போகும் வழியில் அவர் கப்பல் நிலக்கரிக்காக இங்கே நான்கு நாள் நின்றது. விருந்து நாளும் அதில் அடக்கம். முறைப்படி வந்து கையெழுத்திட்டார். பன்னிரண்டாம் வரி அவர், பதினொன்றாம் வரி ஹானிபல்.

மறுநாள் காலை கவர்னரே வாசலுக்கு வந்துவிட்டார்.

“ஸ்டோக்டன் எப்ப வந்தாரு?”

“நேத்து சாயங்காலம், துரை. ‘உங்க துரை இன்னும் இங்கதான் இருக்காரா’ன்னு விசாரிச்சாரு.”

“‘இன்னும்’னா சொன்னாரு?”

“ரெண்டு தடவை, துரை.”

மைக்கூடு சாய்ந்தது. கவர்னரின் முழங்கை பட்டதா, பட வைக்கப்பட்டதா என்று எசேக்கியல் ஆராயவில்லை. பக்கம் முழுதும் கருத்தது.

உதவி அதிகாரி ஓடிவந்தார். “யார் செஞ்சது?”

“என் கை தவறிடுச்சு, ஐயா,” என்றார் எசேக்கியல். கவர்னர் மேகத்தைப் பார்த்தார்.

“அட்டை யாருக்குன்னு அனுப்பறது?”

“இவனுக்கு எல்லாப் பேரும் மனப்பாடம்,” என்றார் கவர்னர். “சொல்லு, மெக்ஃபாய்.”

எசேக்கியல் பத்துப் பெயர்களைச் சொன்னார். பதினொன்றில் நாக்கு நின்றது. பிறகு, “மெக்ஃபாய், எசேக்கியல்,” என்றார்.

“பன்னண்டாவது?”

“அந்த வரி காலி, ஐயா.”

கவர்னர் அவரை நிமிர்ந்து பார்த்தார். பொறாமைக்காரனுக்குப் பொறாமைக்காரனை யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.

“எழுதிக்கோ,” என்றார் கவர்னர்.

விருந்தன்று எசேக்கியல் உள்ளே நாற்காலியில் உட்கார்ந்து கேக்குத் தின்றார். கவர்னர் துறைமுகத்துக் கப்பலைப் பார்த்துக்கொண்டிருந்தார். எசேக்கியல் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். யார் வரக்கூடாது என்று இருவரும் பாடுபட்டார்களோ, அவர்கள் வராததில் இருவருக்குமே கேக்கு ருசிக்கவில்லை.

மாலையில் தெருவே கேட்டது: “இந்த வருஷமும் நின்னு நின்னு கால் வலியா?”

“நான் உள்ள உக்காந்து கேக்கு தின்னேன்!”

தெரு சிரித்தது. போட்டிருந்தது வழக்கமான காவல் கோட்டு. காட்ட அட்டையும் இல்லை; அதை வாசலில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று விதி போட்டவரே எசேக்கியல்தான். அவசரத்தில் மனைவி பெயரைச் சொல்ல மறந்ததால் வீட்டிலும் சாட்சி இல்லை.

“அப்ப எனக்கு ஏன் அட்டை வரல?” என்றார் அடிலெய்ட்.

அட்டை வராத ஹானிபல், தமக்குக் காய்ச்சல் என்று ஊரெல்லாம் சொல்லியிருந்தார். “நான் வந்திருந்தா நாலு பேர்கிட்ட உனக்குச் சாட்சி சொல்லியிருப்பேனே, சகலை.”

அடுத்த வருடம் ஹானிபல் கையெழுத்திட வந்தபோது, எசேக்கியல் புது நிப்பு மாட்டிய பேனாவை மையில் தோய்த்து நீட்டினார்.

“நிதானமா, தெளிவா எழுது, சகலை. மை காயற வரைக்கும் இந்தப் பக்கத்துல ஒரு பயலையும் கை வைக்க விடமாட்டேன்.”