மாமா கொடுத்தனுப்பிய மலிவுத் தட்டு

கல்யாணம் ஆகும்வரை எங்களோடு இருப்பதாகச் சொல்லி வந்த மாமா, அம்மாவின் தம்பி, கடைசிவரை எங்களோடுதான் இருந்தார். அதில் என் பங்கு எவ்வளவு என்று வீட்டில் யாரும் விசாரித்ததில்லை. விசாரித்திருந்தாலும் நான் தவறான பதிலைத்தான் சொல்லியிருப்பேன். எனக்கு அப்போது பத்து வயது.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. சிங்கப்பூரில், ஃபேரர் பார்க்கில் எங்கள் அடுக்குமாடி வீட்டின் கூடத்தில் ஒரு மூலை மாமாவுடையது. துறைமுகக் கிடங்கில் எழுத்தர் வேலை பார்த்தார். அந்த மூலையில் ஒரு கான்வாஸ் கட்டில், ஒரு ரெக்கார்டு பிளேயர், ஆங்கில ராக் குழு ஒன்றின் ஏழு இசைத்தட்டுகள் இருந்தன. ஏழும் ஒரே குழுவினுடையவை. வேறு யார் பாடினாலும் மாமா மரியாதைக்காகக் கேட்டுக்கொள்வார், அவ்வளவுதான். தலைமுடி நீண்ட ஆண்களை அரசாங்க அலுவலகங்களில் வரிசையின் கடைசிக்கு அனுப்பிய காலம். மாமா தம் முடியைச் சட்டைக் காலருக்கு ஒரு விரற்கடை மேலே நிறுத்தி, அரசாங்கத்தையும் அந்தக் குழுவையும் ஒருசேரத் திருப்திப்படுத்தி வந்தார்.

ஐந்தாவது தட்டின் இரண்டாம் பக்கம் முழுவதும் ஒரே பாட்டு. பதினேழு நிமிடம். இரும்புக் கதவை யாரோ நிதானமாக இழுப்பதுபோல் தொடங்கி, கிதார்கள் ஒன்றோடொன்று சண்டைக்குப் போய், நடுவில் திடீரென்று எல்லாம் நின்றுவிடும். அரை நிமிடத்துக்கு மேல் ஒரு சத்தமும் இருக்காது. அப்பா ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் 'அப்பாடா' என்று செய்தித்தாளைப் பிரிப்பார். உடனே மறுபடி ஆரம்பிக்கும். ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மாமா சுவரைப் பார்த்துக்கொண்டு அதைக் கேட்பார். பேசாமல் இருப்பதாக ஒத்துக்கொண்டால் நானும் பக்கத்தில் உட்காரலாம். பாட்டு எனக்குப் பிடித்திருந்ததா என்று சொல்லத் தெரியவில்லை. அதைக் கேட்கும்போது மாமாவைப் பார்த்துக்கொண்டிருப்பது பிடித்திருந்தது.

அந்தக் குழுவின் பன்னிரண்டு சின்னப் பாட்டுகளைப் பொறுக்கியெடுத்து ஒரு மலிவுத் தட்டும் வந்திருந்தது. அட்டையில் குழுவினரின் படம்கூடக் கிடையாது. ஏதோ ஓர் ஏரி, பின்னால் மலை. கடைகளில் விலை குறைத்த சாமான்களோடு கிடக்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் மாமாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். "இது ரோஜாக் லா. எல்லாத்தயும் வெட்டிப் போட்டு மேல சர்க்கரைய ஊத்திட்டாங்க" என்பார். அந்தத் தட்டை வாங்கியவன் அந்தக் குழுவை ஒருநாளும் தெரிந்துகொள்ள மாட்டான் என்பது அவர் கட்சி.

அந்த ஆண்டு மாமாவுக்குப் பெண் அமைந்தது. எங்கள் பங்குக் கோயிலைச் சேர்ந்தவர்தான். தொலைபேசி இணைப்பகத்தில் வேலை. தேக்கா பக்கம் ஒரு தையல்கடைக்கு மேல்மாடியில் அப்பாவோடு இருந்தார். கல்யாணத்துக்கு முன்பு இருவரும் தனியாகச் சந்திப்பது அழகில்லை என்று பெரியவர்கள் நினைத்ததால், பலகாரம், ஜாக்கெட் அளவு, சேதி எல்லாமே என் வழியாகத்தான் போய் வந்தன. அந்த வேலை எனக்குப் பெருமையாக இருந்தது. அந்த அக்கா என்னைப் பெரிய மனுஷிபோல் நாற்காலியில் உட்காரவைத்துப் பேசுவார்.

ஒருநாள் மாமா என் கையில் ஒரு தட்டைக் கொடுத்து, அவருக்குக் கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னார். பார்த்தால் அந்த ஏரி, அந்த மலை. என் கண்ணையே என்னால் நம்ப முடியவில்லை. ஏன் இது, அந்தப் பதினேழு நிமிடப் பாட்டைக் கொடுக்கலாமே என்று கேட்டேன்.

"அவங்களுக்கு இது போதும்" என்றார் மாமா. "அதெல்லாம் அவங்களுக்குப் புரியாது."

கொண்டுபோய்க் கொடுத்தேன். அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் அடுத்த ஞாயிறு கோயிலில் ஓலை வாசித்தார்கள். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறுகள் பூசையில் மணமக்கள் பெயரை அறிவிப்பது எங்கள் வழக்கம். பெயர்களை வாசித்துவிட்டுச் சாமியார், இவர்களுக்கிடையே தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் அதைத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள் என்றார். எல்லோரும் இருமினார்கள், கைக்குழந்தைகளை மாற்றிப் பிடித்தார்கள். நான் மட்டும் பெஞ்சின் விளிம்புக்கு நகர்ந்தேன். மாமாவின் உண்மையான பாட்டு மறைக்கப்பட்டிருக்கிறது, அது எனக்குத் தெரியும். மறைத்துக் கொடுத்ததும் நான்தான். தெரிந்தும் சொல்லாமலிருப்பது பாவம் என்று ஞானோபதேச வகுப்பில் அப்போதுதான் படித்திருந்தோம். இரண்டாம் ஞாயிறும் அதே வாசகத்தைக் கேட்டபோது இனிமேல் தாங்காது என்று தோன்றியது. சாமியாரிடம் போனால் அப்பாவுக்குத் தெரிந்துவிடும். ஆகவே சம்பந்தப்பட்டவரிடமே போய்விடுவது என்று முடிவு செய்தேன்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம், மாமா வேலைக்குப் போயிருந்த நேரத்தில், ஐந்தாவது தட்டைப் பள்ளிக்கூடப் பையில் வைத்துக்கொண்டு சிராங்கூன் சாலையைக் கடந்தேன். அட்டை பையைவிடப் பெரியது. மல்லிகைக் கடைக்காரர் ஒருவர் அதிலிருந்த படத்தை உற்றுப் பார்த்துவிட்டு என்னையும் ஒருமுறை பார்த்தார்.

அக்கா தொலைபேசி இணைப்பகத்தில் காலை வேலை முடித்து வந்திருந்தார். நான் மாடி ஏறும்போதே ஏரித் தட்டிலிருந்த பாட்டு ஒன்று கேட்டது. அவருடைய அப்பாவின் பழைய ரேடியோகிராமில் அது ஓடிக்கொண்டிருந்தது. பாத்திரம் துடைத்தபடி கூடவே முணுமுணுத்தார். எனக்கு மைலோ கலக்கிக் கொடுத்துவிட்டு, "இது ரொம்ப நல்லாருக்கு மா. இன்னும் இவங்க பாட்டு இருக்கான்னு உங்க மாமாகிட்ட கேக்கச் சொல்லணும்னு இருந்தேன்" என்றார்.

நான் ஒப்புக்கொள்ள வந்தவள். இருக்கிறது, இதுதான் உண்மையானது, மாமா தனியாகக் கேட்பது என்று சொல்லித் தட்டை நீட்டினேன். அவர் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு இரண்டாம் பக்கத்தை வைத்தார். இரும்புக் கதவு திறந்தது. கீழே தையல் இயந்திரங்கள் நின்றன. நான் அவர் முகத்தைப் பார்க்க அஞ்சி மைலோவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நடுவில் சத்தம் நின்றதும், அவர் தட்டை எடுத்துவிடுவார் என்று காத்திருந்தேன். அவர் அசையவில்லை. போதும் என்று சொல்ல அவர் கூச்சப்படுகிறார் என நினைத்து நானே ஊசியைத் தூக்கக் கை நீட்டினேன்.

"இரு" என்றார் மெதுவாக. "லைன் இன்னும் கட்டாவல."

பாட்டு முடிந்தபிறகும் சிறிது நேரம் தட்டு சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. பிறகு, இதை ஏன் முதலிலேயே கொடுத்து அனுப்பவில்லை என்று கேட்டார். கோபமில்லை, சும்மா கேட்டதுபோல்தான் இருந்தது. கேட்டதற்குப் பதில் சொல்வது கடமை என்பதால் சொன்னேன். உங்களுக்கு அது போதும், இதெல்லாம் உங்களுக்குப் புரியாது என்று மாமா சொன்னார் என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். என் தம்ளரை வாங்கிக் கழுவினார். தட்டைக் கையில் எடுத்தவர், இது இங்கேயே இருக்கட்டும் என்று சொல்லி என்னை அனுப்பிவைத்தார். படி இறங்கும்போது பெரிய பாரம் ஒன்று நீங்கியதுபோல் இருந்தது எனக்கு.

வெள்ளிக்கிழமை மாலை அவருடைய அப்பா எங்கள் வீட்டுக்கு வந்தார். நிச்சயப் புடவை, மோதிரம், செய்தித்தாளில் சுற்றிய ஐந்தாவது தட்டு எல்லாவற்றையும் மேசைமேல் வைத்தார். "வேணாங்குது பொண்ணு. ஏன்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்குது. மன்னிச்சிருங்க" என்றார். அந்த ஞாயிறு கோயிலில் வேறு யாருடைய ஓலையையோ வாசித்தார்கள். அம்மா பல நாள் அழுதாள். திருப்பித் தருகிறவர்கள் அந்த ஏரித் தட்டை மட்டும் ஏன் அமுக்கிக்கொண்டார்கள் என்று இடையிடையே கேட்டாள்.

மாமா என்னைத் திட்டவில்லை. வெள்ளிக்கிழமை இரவுச் சாப்பாட்டுக்குமுன் பொதுத் தாழ்வாரத்தில் நின்று ஒன்றே ஒன்று கேட்டார்.

"முழுசா கேட்டாங்களா?"

கேட்டார்கள் என்றேன். "ம்" என்றார். அவருக்குத் தெரிய வேண்டியது தெரிந்துவிட்டதுபோல் இருந்தது. அதற்குப்பிறகு அந்தப் பாட்டை அவர் யார் முன்னாலும் போட்டதில்லை. என்னைக்கூடப் பக்கத்தில் உட்காரவிடவில்லை. அது எனக்கு மிகவும் வலித்தது. வேறெதுவும் அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நான் அங்கே சொன்ன வாக்கியத்தை அவரிடம் தனியாகச் சொல்ல வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. அது அவர் சொன்னதுதானே, அவருக்குத் தெரியாமலா இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.