நவம்பரில் வந்த கிறிஸ்துமஸ்

மேவிஸுக்குப் பொய் சொல்ல வராது. அடுத்த வீட்டுக்காரி நான், முப்பது வருஷப் பழக்கத்தில் சொல்கிறேன். இங்கிலாந்தில், எங்கள் பார்ன்ஸ்லி ஊரில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் காலமெல்லாம் உருளைக்கிழங்கு மசித்தவள். என் புதுத் தொப்பியைப் பார்த்து, "அத கடைக்காரன்கிட்டயே திருப்பிக் குடுத்துடுடி" என்பாள். கோபித்துக்கொண்டு வந்துவிடுவேன். மறுநாள் தேநீருக்கு அவள் வீட்டில்தான் உட்கார்ந்திருப்பேன்.

அவள் புருஷன் நெவில் பஸ் ஓட்டியவர். ஓய்வு பெற்றபின் மறதி நோய் வந்துவிட்டது. இரவும் பகலும் அவரைப் பார்த்துப் பார்த்தே மேவிஸ் துரும்பாய் இளைத்தாள். ரெண்டு நாளாவது யாரோ சமைத்துப்போட உட்கார்ந்து சாப்பிடட்டும் என்று, இருவரையும் பிரிட்லிங்டன் கடற்கரைக்கு நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். நவம்பர் மாதம். சீசன் முடிந்தால் ஓட்டல்களெல்லாம் காற்று வாங்கும். அதனால் எங்களைப் போன்ற கிழங்களை பஸ்ஸில் அள்ளிவந்து, சனிக்கிழமையைக் கிறிஸ்துமஸ் என்றும் ஞாயிறைப் புத்தாண்டு என்றும் வைத்துக் கொண்டாடிவிடுவார்கள். கூத்துதான். ஆனால் மலிவு.

சனிக்கிழமை மத்தியானம் வான்கோழிக் கறி. எல்லார் தலையிலும் கிறிஸ்துமஸ் விருந்துக்கென்றே போடும் காகிதக் கிரீடம். வெளியே மழையும் கடலும் சுவரை அறைந்துகொண்டிருந்தன. நெவில் ரெண்டு தட்டு சாப்பிட்டார், கூடச் சேர்ந்து பாடினார். வெகுநாளுக்குப் பிறகு மேவிஸ் வாய்விட்டுச் சிரித்தாள். புட்டிங் வருவதற்குள் அவர் எழுந்து வரவேற்பறைக்குப் போய், தொலைபேசிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"லொரைன் பேசுவா," என்றார்.

லொரைன் அவர்களுடைய ஒரே மகள். ஆஸ்திரேலியா போய்விட்டவள், வருஷத்துக்கு ஒரே தடவை, கிறிஸ்துமஸ் அன்று மத்தியானம் அப்பாவோடு பேசுவாள். மனுஷனுக்கு மற்றதெல்லாம் அழிந்தும் இது அழியவில்லை. இது நிஜக் கிறிஸ்துமஸ் இல்லை என்று மேவிஸ் சொல்லிப் பார்த்தாள். அவர் தன் தலையிலிருந்த கிரீடத்தையும், மூலையில் மின்னிய மரத்தையும் காட்டினார்.

மேவிஸ் வெளியே தாழ்வாரத்துக்கு வந்து மகளைக் கைபேசியில் கூப்பிட்டாள். நானும் பக்கத்தில் நின்றேன். ஒரு வாழ்த்து மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடு என்று கெஞ்சினாள். நவம்பரில் என்ன கிறிஸ்துமஸ், இப்படி ஏமாற்றினால் அப்பா இன்னும்தான் குழம்புவார், டிசம்பரில் வழக்கம்போலப் பேசுகிறேன் என்று அந்த மகராசி வைத்துவிட்டாள். நியாயம்தான். அந்த நியாயத்தைக் கொண்டுபோய் உடைப்பில் போட.

இருட்டும்வரை அவர் நகரவில்லை. உட்கார்ந்தபடியே கொஞ்சம் கண்ணயர்ந்தார். விழித்ததும், "பேசினாளா?" என்று கேட்டார்.

மேவிஸ் என்னைப் பார்த்தாள். அப்புறம் அவர் பக்கம் குனிந்தாள்.

"பேசினா, நெவில். நீ தூங்கிட்டிருந்த. உன்னத்தான் விசாரிச்சா."

முகம் மலரும் என்று நினைத்தேன். கோணிக்கொண்டு போனது. குழந்தை மாதிரி அழுதார்.

"என்னை ஏன் எழுப்பல?"

மறுநாளைக்குள் அவர் ஓட்டலை மறந்தார், கடலை மறந்தார், பாடினதையும் மறந்தார். பாழாய்ப்போன இந்த ஒன்றை மட்டும் மறக்கவில்லை. திரும்பும் பஸ்ஸில் அவள் கையைத் தட்டிவிட்டார். வீட்டிலும் அவள் ஊட்டினால் வாயை மூடிக்கொள்வார், நான் போய் ஊட்டுவேன். உண்மையைச் சொல்லித் தொலை என்று அவளிடம் சண்டை போட்டேன்.

"மக பேச மாட்டேன்னு சொல்லிட்டான்னா சொல்லச் சொல்ற? எம்மேலயே கோவமா இருக்கட்டும், போடி."

டிசம்பர் நடுவில் நிமோனியா கண்டு அவர் போய்ச் சேர்ந்தார். கடைசிவரை அவளுக்கு முகம் கொடுக்கவில்லை. கட்டிய பெண்டாட்டிக்கு இதைவிடப் பெரிய தண்டனை உண்டா?

அடக்கத்துக்கு லொரைன் வந்தாள். அழுதழுது கண் வீங்கியிருந்தது. சமையலறையில் சாண்ட்விச் வெட்டிக்கொண்டிருந்த மேவிஸிடம், "அப்பா கடைசியில என்னைக் கேட்டாராம்மா?" என்றாள். நான் வாயைத் திறந்தேன். மேவிஸ் என் காலை மிதித்தாள்.

"இல்ல கண்ணு. அவருக்கு உன் பேரே மறந்துபோச்சு."

லொரைன் நெஞ்சில் கைவைத்து மூச்சு விட்டாள்.

"நல்லவேளை. அப்ப எனக்காகக் காத்துக்கிட்டு இருக்கல."