கடிக்கக் கொடுத்த பழைய சேலை

தாடிக்கொம்பில் எங்கள் வீட்டுக்கு வந்தபோது நாய்க்குட்டி ஜிம்மிக்கு இரண்டு மாதம். பார்ப்பவர் கையையெல்லாம் கடித்துக் குதறியது. தொல்லை பொறுக்காமல், கிழிந்த சின்னாளபட்டிச் சேலை ஒன்றைக் கடிக்கக் கொடுத்தேன். அதை இழுத்து விளையாடவும் பழக்கினேன்.

ஒரு நாள் காலையில் சோறு வடிக்கப் பானையைத் தூக்கினேன். பின்னால் வந்த ஜிம்மி, நான் கட்டியிருந்த சேலையைக் கவ்வி வெடுக்கென்று இழுத்தது. கொதிக்கும் கஞ்சி என் வலது காலில் கொட்டியது. அலறல் கேட்டு ஓடிவந்த என் கணவர் விளக்குமாற்றைத் திருப்பிப் பிடித்து, அதன் கட்டையால் குட்டியை முகத்திலேயே அடித்தார். வாயெல்லாம் ரத்தம். பால்பல் ஒன்று தெறித்து விழுந்தது. அப்போதும் அவர் நிறுத்தவில்லை.

"விடுங்க, சேலையக் கடிக்கப் பழக்குனதே நாந்தான்" என்று கத்தினேன்.

"அப்ப ஒன்னையத்தான் அடிச்சிருக்கணும்" என்று சொல்லிவிட்டு விளக்குமாற்றை வீசினார்.

பழைய சேலைக்கும் கட்டியிருக்கும் சேலைக்கும் அதற்கு எப்படி வித்தியாசம் தெரியும்?

இப்போது கடிக்க ரப்பர் பந்துதான் கொடுக்கிறேன். கையைக் கடித்தால் விளையாட்டை நிறுத்திவிட்டு எழுந்து போய்விடுகிறேன். சமையலறைக்குள் விடுவதே இல்லை.

என் கால் புண் ஆறிவிட்டது. ஆனால் விளக்குமாற்றைப் பார்த்தால் ஜிம்மி நின்ற இடத்திலேயே மூத்திரம் விட்டுவிடுகிறது. தினமும் அதை வாசலில் கட்டிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டுதான் வீட்டைப் பெருக்குகிறேன்.