சீனி போட்ட பூசணம்

மலாயாவின் அவசரகாலத்தில் ரெம்பாவ் ஊர்ப் பக்கத்தில் இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்திலிருந்து எதை வேண்டுமானாலும் வெளியே கொண்டு போகலாம், சாப்பாட்டைத் தவிர. கம்பி வேலியைத் தாண்டி ஒரு பிடி அரிசி போனாலும் அது காட்டில் ஒளிந்து சண்டை போடும் கம்யூனிஸ்டுகளின் வயிற்றுக்குத்தான் என்று சர்க்கார் முடிவு கட்டியிருந்தது. பால் வெட்டப் போகிறவர்கள் கோப்பி கொண்டு போகலாம். அதில் சீனி இருந்தால் அது சாப்பாடு. அதனால் கேட்டில் பெண்களைச் சோதனை போடும் அக்கா, ஒவ்வொரு போத்தலிலும் சுண்டுவிரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பார். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் நாலாவது வீடு அவருடையது. சின்ன வயதில் என்னைக் கை நிறையப் பலகாரம் கொடுத்து வளர்த்தவர்தான். ஆனால் கேட்டில் நின்றுவிட்டால் பெற்ற தாயையும் தெரியாது.

எனக்கு அப்போது இருபது வயது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெசருக்கு உதவியாக இருந்தேன். போத்தல் கழுவுவேன், மலேரியாக்காரர்களின் ரத்தத்தை மைக்ராஸ்கோப்பில் பார்ப்பேன். அந்த நேரத்தில்தான் சர்க்கார் உபகாரச் சம்பளம் ஒன்றை அறிவித்தது. ஒரே ஓர் ஆளுக்குத்தான். சீமையில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் ஒரு வருஷம் மரநோய்களைப் பற்றிப் படிக்கலாம். படித்து வந்ததைத் தோட்டம் தோட்டமாகப் போய் சனங்களுக்கு அவர்கள் பாஷையில் விளக்க வேண்டும். நேர்காணலுக்கு வருகிறவர்கள் தங்கள் கையால் செய்த ஆராய்ச்சி ஏதாவது கொண்டு வர வேண்டும்.

எனக்கு அது வேண்டும். வேறு எதையும் நான் அப்படி வேண்டியதில்லை. அப்பாவிடம் சொன்னேன். அவர் வெட்டுக்கத்தியைத் தீட்டிக்கொண்டே, “கெடைக்கட்டும், பாப்போம்,” என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குப் புரியவில்லை, கேட்கவும் இல்லை.

மழைக்காலத்தில் பால்மரத்தின் வெட்டில் சாம்பல் நிறத்தில் பூசணம் பிடிக்கும். பட்டையே அழுகிப் போகும். அதைச் சுரண்டி எடுத்து மூன்று ஜாம் போத்தல்களில் வளர்த்தேன். உருளைக்கிழங்கு வேகவைத்த தண்ணீர், சீனி, அகார் அகார் என்கிற கடற்பாசி, இவைதான் அதற்கு ஆகாரம். கிருமி போக எல்லாவற்றையும் வீட்டு இட்லிப் பானையில் வைத்து அவித்தேன். ஒரு மாதம் எங்கள் வீட்டில் இட்லி கிடையாது.

நேர்காணல் அன்று காலை, அது நடக்கும் சிரம்பானுக்கு என்னை ஏற்றிப் போக வேண்டிய தோட்டத்து லோரி கேட்டில் நின்றது. அக்கா என் பையைத் திறந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் முதல் போத்தலின் பஞ்சை உருவி, விரலை விட்டு நாக்கில் வைத்துவிட்டார்.

“சீனி இருக்கு புள்ள,” என்றார்.

“அக்கா, அது மரத்து நோவு. பூசணம்.”

அவர் முகம் போன போக்கை என்ன சொல்ல. காறித் துப்பிவிட்டு அப்படியே பெஞ்சில் உட்கார்ந்தார். “எனக்கு ரெண்டு புள்ளைங்க இருக்கு. செத்துருவனா?”

லோரிக்காரர் ஹாரன் அடித்தார். எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. ஊரில் உள்ளதையெல்லாம் நக்கிப் பார்க்கச் சொன்னது யார்? ஆனால் அந்த முகத்தை அப்படியே விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை. வாய் கொப்பளிக்கத் தண்ணீர் கொடுத்தேன். இது மரத்தின் காயத்தில்தான் ஏறும், மனுஷ வயிற்றில் இதற்கு வேலை இல்லை என்றேன். நம்பவில்லை. பையிலிருந்த பூதக்கண்ணாடியைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். பார்த்துவிட்டு இன்னும் அதிகமாகப் பயந்தார். வேறு வழி தெரியாமல் நானும் விரலை விட்டு ஒரு நக்கு நக்கிக் காட்டினேன். அப்போதுதான் அவருக்கு உயிர் வந்தது. அதற்குள் லோரி போய்விட்டது.

உயிர் வந்ததும் கேள்வியும் வந்தது.

“ஏன் புள்ள, இது சீனி தின்னுதான் வளருதா?”

“ஆமாக்கா.”

“மரத்துலயும் வளருதே. அப்ப மரத்துக்குள்ள சீனி இருக்கா?”

“இருக்குக்கா.”

அவர் வேலிக்கு அந்தப் பக்கம் மலை வரைக்கும் நின்ற மரங்களைப் பார்த்தார். “அப்ப காட்டுக்காரன் அதத் தின்னுட்டு இருக்க மாட்டானா? நான் எதுக்கு தெனமும் இந்தக் கோப்பித் தண்ணிய நக்கிக்கிட்டு நிக்கிறேன்?”

நான் போத்தல்களை எடுக்கக் கை நீட்டினேன். அவற்றை மட்டும் அவர் தரவில்லை. “சீனி சீனிதான்லா, நான் என்ன பண்ண,” என்றார்.

பஸ் பிடித்து, வழியில் ரோட்டை மறித்த சோதனையில் காத்துக் கிடந்து, வெறுங்கையோடு நான் போய்ச் சேர்ந்தபோது மத்தியானச் சாப்பாடே முடிந்திருந்தது. ஒரு வெள்ளைக்காரர், ஒரு மலாய் அதிகாரி, ஒரு யாழ்ப்பாணத்து டாக்டர். மூவரும் கோப்புகளைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கே உன் ஆராய்ச்சி என்றார் வெள்ளைக்காரர். கேட்டில் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்றேன். பிறகு, போனது போகட்டும் என்று நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன்.

“அந்தப் பெண்ணுக்குப் புரிந்ததா?” என்று டாக்டர் கேட்டார்.

அக்காவின் கேள்வியை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் யார் முன்னால் பேசுகிறேன் என்று உறைத்தது. காட்டுக்காரனின் சாப்பாட்டைப் பற்றி வாய்தவறிப் பேசி உள்ளே போனவர்கள் உண்டு. மலாய் அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார்.

“நீ என்ன பதில் சொன்னாய்?” என்றார் வெள்ளைக்காரர்.

“தெரியாது. மரத்தில் சீனி இருக்கிறது, அது மனுஷனுக்குப் பசி தீர்க்குமா என்று எனக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் அனுப்பச் சொல்கிறேன்,” என்றேன்.

மலாய் அதிகாரிதான் முதலில் சிரித்தார். மற்ற இருவரும் சிரித்தார்களா என்று எனக்கு ஞாபகம் இல்லை. சீக்கிரம் வெளியே வந்துவிட வேண்டும் என்றுதான் இருந்தது.

ஆறு வாரம் கழித்துக் கடிதம் வந்தது. இடம் எனக்குத்தான். ஆனால் கூடவே ஓர் ஒப்பந்தம். எனக்கு இருபத்தொன்று ஆகாததால் அப்பா கையெழுத்துப் போட வேண்டும். அவர் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். பேனாவைத் தொடவில்லை. போடமாட்டார் என்றே நினைத்தேன்.

“என்னா எழுதியிருக்கான், தமிழ்ல சொல்லு,” என்றார்.

கப்பல் செலவு, குளிர் சட்டை, தங்குமிடம் என்று வரிசையாகச் சொன்னேன். அவர் எதற்கும் தலையாட்டவில்லை. கடைசி வரிக்கு வந்தேன். படிப்பு முடிந்த மறுமாதமே இந்த நாட்டுக்குத் திரும்பி வந்து, மூன்று வருஷம் இங்கேயே வேலை செய்ய வேண்டும்.

அப்பா நிமிர்ந்தார். “திரும்பி வரணும்னு சர்க்காரே எழுதியிருக்கா?”

“எழுதியிருக்குப்பா.”

“அந்த வரிய மட்டும் இன்னொருக்கா படி.”

படித்தேன். அந்த வரி எங்கே இருக்கிறது என்று விரலை வைத்துக் காட்டச் சொன்னார். காட்டினேன். அதன் நேர் கீழே, கையெழுத்துக்கு என்று விட்டிருந்த இடத்தைப் பற்றிக் கவலையே படாமல், தன் பெயரை முழுசாக எழுதினார்.